ஐஸோடு நிறுத்த பெட்டி

தடைக்காலத்தின் நாற்பத்தோராம் நாள்.
தங்கச்சிமடத்து விசைப்படகுகள் எல்லாம் கயிற்றில் கிடந்தன.
இரவு பத்தே காலுக்கு
லூர்து ரெக்ஸனை இரண்டு பேர் தாங்கி வந்தார்கள்.
குனிந்தேதான் உட்கார்ந்தான்.
நிமிர்ந்தால் வலி முதுகுக்குப் பாய்கிறதாம்.

எடுக்கும்போதே தெரிந்தது,
சிரிஞ்சில் ஏறிய சிவப்பில் ரோஸ்மில்க்கின் சாயல்.
சென்ட்ரிஃபியூஜ் சுற்றி ஓய்ந்தபின்
மேலே நிற்க வேண்டியது வைக்கோல் நிறத் தெளிவு.
நின்றது பால்.
டியூப்புக்குப் பின்னால் தினசரியைப் பிடித்துப் பார்த்தேன்,
தலைப்புச் செய்தியே தெரியவில்லை.

கதவோரம் நின்ற செல்சியா கேட்டாள்:
"அதுல எதையாச்சும் ஊத்திட்டீங்களாக்கா?"

கலங்கிய ரத்தம் எனக்குப் புதிதில்லை.
பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை என்று
மாதாமேல் சத்தியம் செய்கிறவர்களின் டியூப்பில்
முந்திய இரவின் பரோட்டா மிதக்கும்.
நாளைக்கு வெறும் வயிற்றோடு வாங்க என்று
அவர்களைத் திருப்பி அனுப்பலாம்.
இவனை எங்கே அனுப்ப.

மெஷினுக்குச் சந்தேகம் வராது.
கொடுத்ததைக் குடித்துவிட்டு எண்ணைத் துப்பும்.
அமிலேஸ் சரியாம்.
ஹீமோகுளோபின் பத்தொன்பதாம்.
சோடியம் நூற்றுப் பதினெட்டு, பக்கத்தில்
கீழே பார்க்கும் ஓர் அம்பு.

அந்த அம்பை மட்டும் நம்புகிற டாக்டர்
கெட்டியான உப்புநீரை நரம்பில் ஏற்றுவார்,
இல்லாத பள்ளத்தை நிரப்ப.

ஆனால் நூற்றுப் பதினெட்டில் ஒருவன்
இவ்வளவு தெளிவாக இருக்க மாட்டான்.
முனகலுக்கு நடுவே ரெக்ஸன்
இன்றைய கிழமையைச் சொன்னான்,
வட்டிக்காரரின் பெயரைச் சொன்னான்,
என் தம்பி அவனுக்குத் தர வேண்டிய
நானூறு ரூபாயையும் சொன்னான்.

ஏலக்கூடத்தில் பார்த்திருப்பீர்கள்.
ஐஸைக் கொட்டாமல் தராசில் ஏற்றிய பெட்டியில்
எடைக்குத் தக்க மீன் இருக்காது.
மீன் எங்கேயும் போய்விடவில்லை.
அதன் இடத்தில் ஐஸ் உட்கார்ந்திருக்கிறது.
உப்பு இருப்பது நீரில்.
கொழுப்பு பிடித்த இடத்தையும்
நீர் என்றே கணக்கெழுதியது மெஷின்.

முதலாளியிடம் இரண்டு வருடம் கேட்டு வாங்கிய
அந்தச் சின்ன, வேகமான சென்ட்ரிஃபியூஜை ஓட்டினேன்.
பதினைந்து நிமிடம். நடுவில் கரண்ட் போய்
மறுபடி முதலிலிருந்து.
வெண்ணெய் மேலே ஒதுங்கியது.
அதைக் குத்திக்கொண்டு ஊசியை அடிவரை இறக்கி
ஒரு மழைத்துளி அளவு தெளிவைத் திருடினேன்.

சோடியம் நூற்று முப்பத்து நான்கு.
அமிலேஸ் தொள்ளாயிரத்தைத் தாண்டியது.
ட்ரைகிளிசரைடுக்கு மட்டும் பழைய பாலேதான்.
கொழுப்பை வழித்துப் போட்டுவிட்டா கொழுப்பை அளப்பது?
ஐம்பது மடங்கு நீர்த்தபின்
எண்ணாயிரத்து அறுநூறு.
ஒருமுறைக்கு மறுமுறை பெருக்கிப் பார்த்தேன்.

தாளின் ஓரத்தில் பேனாவால் எழுதினேன்:
சீரம் பால்போல. முதல் சோடியத்தை நம்ப வேண்டாம்.
நீர்க்காத முறையில் இன்னொரு தடவை பார்க்கவும்.
கணையத்தைக் கவனிக்கவும்.
கடைசி வரி எழுத எனக்கு அதிகாரமில்லை.
அடிக்கவில்லை.

ஆம்புலன்ஸ் பாலம் ஏறிய நேரம்
நான் தரை துடைத்துக்கொண்டிருந்தேன்.
ராமநாதபுரத்திலிருந்து ஒன்றரை மணிக்குப் போன்:
நூற்று முப்பத்தைந்து.
"நல்லவேளை எழுதுனீங்க" என்றார் பெயர் சொல்லாத டாக்டர்.
எனக்குப் பதில் வரவில்லை, கொட்டாவி வந்தது.

ஃபிரிட்ஜில் வைத்த இரண்டாவது டியூப்பில்
விடியும்போது ஆடை கட்டியிருந்தது, அரை விரல் கனம்.
அதன் கீழே கொஞ்சம் தெளிவு.
போனில் ஒரு படம் எடுத்துவிட்டு மஞ்சள் பையில் போட்டேன்.

பதினோராம் நாள் செல்சியா வந்தாள்,
பாக்கி இருநூற்றைம்பதோடு.
"வார்டுல தேறிட்டாரு. கடலுக்குப் போகாம
வீட்ல குந்தி குடிச்சதுதான்னு சொன்னா
நம்ப மாட்டேங்கிறாரு.
அந்த டியூப்பத் தருவீங்களா?"

படத்தைக் காட்டினேன்.
இரண்டு விரலால் விரித்து விரித்துப் பார்த்தாள்.
"எனக்கு அனுப்புங்க.
அவரு போன் அடிக்கிறப்ப
இதுதான் வரணும்."